கைகொடுக்கக் கற்றல்

நுழையும்முன்

முதியோரைப் பேணுவதற்கு அன்பு இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அன்பு தேவைதான், ஆனால் அது தொடக்கம் மட்டுமே. படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கவும், விழுங்க இயலாமல் தவிப்பவருக்கு உணவூட்டவும், நினைவு மங்கியவரோடு உரையாடவும் தனித்தனி முறைகள் உண்டு. அவற்றைக் கற்றவரின் கைபட்டால் முதியவரின் உடல் நலம் பெறும், மதிப்பும் குறையாது. முதுமையைத் தன் பெயரிலேயே கொண்ட ஓர் ஊரிலிருந்து இப்பாடம் தொடங்குகிறது.

முதுமை பெயரான ஊர்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது விருத்தாசலம். 'விருத்தம்' முதுமையையும் 'அசலம்' மலையையும் குறிக்கும். தேவாரம் இவ்வூரைத் திருமுதுகுன்றம் என்று வழங்குகிறது. பழமலை என்பதும் இதன் பெயரே. இங்குள்ள பழமலைநாதர் கோயிலில் இறைவியின் பெயர் விருத்தாம்பிகை. ஊரும் இறைவனும் இறைவியும் முதுமையைப் பெயராகப் பெற்ற இடம் இது.

இன்று இவ்வூர் பீங்கான் தொழிலாலும் அறியப்படுகிறது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளன. களிமண்ணைக் கரைத்த குழம்பை அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சியதும் உருவத்தைப் பக்குவமாக வெளியே எடுத்து, பிசிறு நீக்கி, உலர்த்தி, சூளையில் சுடுவார்கள். அவசரப்பட்டு உலர்த்தினால் விரிசல் விழும். ஈரமான உருவத்தை அழுத்திப் பிடித்தால் வடிவம் சிதையும். எவ்வளவு அழுத்தலாம், எப்போது தொடலாம் என்பதைக் கை பழகிப் பழகித்தான் அறிகிறது. மண்ணைத் தொடுவதற்கே இத்தனை பயிற்சி வேண்டும் என்றால், மனிதரைத் தொடுவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்?

ஒரு சட்டையும் ஐந்து பொத்தான்களும்

இவ்வூரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகள் பீங்கான் பட்டறையில் பணிசெய்த தாத்தா ஒருவர் அங்கு இருக்கிறார். பக்கவாதத்தால் அவருடைய வலக்கை வலுவிழந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படும் முன் அவருக்குச் சட்டை அணிவிக்கிறாள். இரண்டே நிமிடம், வேலை முடிந்துவிடும். தாத்தாவோ அந்த இரண்டு நிமிடமும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். தாத்தாவுக்கு ஏன் இந்தக் கோபம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் காலை, இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக நலவாழ்வுத் தன்னார்வலர் ஒருவர் வருகிறார். நடப்பதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுத் தாத்தாவின் எதிரே அமர்கிறார்.

"ஐயா, சட்டையை நீங்களே போட்டுக்கொள்ள நான் கொஞ்சம் துணை செய்யட்டுமா?"

தாத்தா அவரை நிமிர்ந்து பார்க்கிறார், தலையசைக்கிறார்.

"வலுவில்லாத கையை முதலில் சட்டைக்குள் விடவேண்டும், கண்ணு. வலுவுள்ள கை பிறகு தானே நுழைந்துகொள்ளும். கழற்றும்போது இதற்கு மாறாக, வலுவுள்ள கையை முதலில் எடுக்கவேண்டும்" என்று பேத்தியிடம் சொல்லி, செய்தும் காட்டுகிறார். மேலிருக்கும் மூன்று பொத்தான்களைப் பேத்தி போடுகிறாள். கீழிருக்கும் இரண்டையும் தாத்தா இடக்கையால் போட முயல்கிறார். பொத்தான் நழுவுகிறது, மீண்டும் முயல்கிறார். பேத்தியின் கை தானாக முன்னே நீள்கிறது. தன்னார்வலர் அதை மெல்லத் தடுக்கிறார்.

"பள்ளிக்கு நேரமாகிவிடுமே, அக்கா?"

"நாளை முதல் கால்மணி நேரம் முன்னதாக எழுந்துகொள். அந்தக் கைக்கு இனி வேலையில்லை என்று நாம் முடிவு செய்யக்கூடாது."

ஐந்தாவது பொத்தானும் துளைக்குள் சென்றது. தாத்தா சட்டையின் ஓரத்தை இழுத்து நேர்செய்துகொண்டார். அன்று அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

பேத்தியிடம் அன்புக்குக் குறைவில்லை. முறைதான் அவளுக்குத் தெரியவில்லை. இயலாததைச் செய்துகொடுப்பதும் இயன்றதை விட்டுக்கொடுப்பதும் சேர்ந்ததே பேணுதல். இவ்விரண்டையும் பிரித்தறியும் திறனே முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் உயிர்நிலையாகும்.

முதுமைக்கென ஒரு மருத்துவம்

இத்திறன் ஒரு கல்வித்துறையாக வளர்ந்து ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவம் இருப்பதுபோல முதியோருக்கும் வேண்டும் என்று கருதிய இக்னாட்ஸ் நாஷர் என்னும் அமெரிக்க மருத்துவர், 1909ஆம் ஆண்டு 'ஜீரியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லை உருவாக்கினார். தமிழில் இதனை முதியோர் மருத்துவம் என்கிறோம்.

1935ஆம் ஆண்டு இலண்டனில், மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையை ஒட்டியிருந்த ஆதரவற்றோர் விடுதி நோயாளிகளின் பொறுப்பை ஏற்றார். அங்கே பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தனர். 'வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று விடப்பட்டவர்கள் அவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். எழுந்து அமரவும் நடக்கவும் பயிற்சியளித்தார். பலர் நடமாடத் தொடங்கினர். சிலர் வீடு திரும்பினர். அவர்களை முடக்கியதில் நோய்க்கும் வயதுக்கும் மட்டுமன்றி, படுக்கைக்கும் பங்கு இருந்தது என்பதை உலகம் உணர்ந்தது.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்ட பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்புத் தொடங்கப்பட்டது. அவருடைய பணிக்காக 2012ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு சென்னை கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டுள்ளது.

ஆயினும், முதியவர் ஒருவர் மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் சில. வீட்டில் கழிக்கும் நாள்களோ பல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் அவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் இருந்தனர். அத்தனை பேருக்கும் மருத்துவர் மட்டுமே துணைநிற்க இயலாது. வீட்டாரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் சேர்ந்தே இப்பொறுப்பைச் சுமக்கவேண்டும்.

பயிற்சி எதைக் கற்பிக்கிறது?

*அழைத்தல்:* பயிற்சியின் முதற்பாடம் அழைக்கும் சொல். இதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு கதை வழங்குகிறது. பசியோடு இவ்வூர் வந்த குருநமசிவாயர், இறைவியைக் 'கிழத்தி' என்று விளித்து உணவு வேண்டிப் பாடினாராம். மூதாட்டி வடிவில் தோன்றிய இறைவி, "கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும்?" என்று கேட்டாளாம். அவர் அவளை இளமை உடையவளாகப் பாட, அவளும் இளநங்கையாக வந்து உணவளித்தாள் என்பர். இக்கோயிலில் இளையநாயகி என்னும் பாலாம்பிகைக்கும் இடம் உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். ஒருவரை எவ்வாறு அழைக்கிறோமோ அவ்வாறே அவர் தம்மை உணர்வார் என்பது உண்மை. 'பெருசு' என்றோ 'மூன்றாம் எண் கட்டில்' என்றோ பராமரிப்பாளர் அழைத்தல் தகாது. ஐயா, அம்மா, பாட்டி, ஆசிரியர் என எவ்வாறு அழைக்கப்பட விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

*பேசுதல்:* காது மந்தமானவரிடம் கத்திப் பேசுதல் பயன் தராது, கத்தும்போது குரல் கீச்சிடும், சொல் தெளிவிழக்கும். வெளிச்சத்தில், முகம் தெரிய எதிரே அமர்ந்து, தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும். விடை வரும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

*தூக்குதலும் நடத்தலும்:* முதியவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கவேண்டும். அவரைத் தம் உடலோடு ஒட்டி அணைத்துக்கொள்ளவேண்டும். சக்கர நாற்காலியாயின் முதலில் அதன் சக்கரங்களைப் பூட்டவேண்டும். பக்கவாதம் உற்றவரை நடத்திச் செல்லும்போது அவருடைய வலுவிழந்த பக்கத்தில் நிற்கவேண்டும். தொடுவதற்கு முன், செய்யப்போவதைச் சொல்லி இசைவு பெறவேண்டும்.

*படுக்கைப்புண் தடுத்தல்:* அசையாமல் படுத்திருப்பவரின் இடுப்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, குருதியோட்டம் தடைப்படும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபிறகும் சிவப்பு மாறாதிருந்தால் அது புண்ணின் முதல் அறிகுறி; உடனே செவிலியரிடம் தெரிவிக்கவேண்டும்.

*உணவூட்டல்:* படுத்தவாறே உணவூட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். நிமிர்த்தி அமரவைத்து, சிறுசிறு கவளமாக, ஒன்றை விழுங்கியபின் அடுத்ததைக் கொடுக்கவேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது அமர்ந்திருக்கச் செய்யவேண்டும்.

*வீட்டைச் சீர்செய்தல்:* முதுமையில் ஒருமுறை விழுவது ஒரு வாழ்வையே முடக்கிவிடலாம். ஈரத்தரை, வழுக்கும் மிதியடி, இரவில் விளக்கில்லாத நடைவழி, பிடிப்பதற்கு ஏதுமில்லாத குளியலறை ஆகியவற்றைச் சீர்செய்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம். படுக்கையிலிருந்து எழும்போது சற்றுநேரம் அமர்ந்திருந்து, தலைசுற்றல் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் நிற்கப் பழக்கவேண்டும்.

*வாழ்க்கையைக் கேட்டறிதல்:* ஒருவர் செய்த தொழிலை அறியாமல் அவருடைய நோயை முழுமையாக அறிய இயலாது. பீங்கான் தொழிலில் பயன்படும் மூலப்பொருள்களில் சிலிக்கா உண்டு. அதன் நுண்தூசியை நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படும். ஆகவே மூச்சுத்திணறும் முதியவரிடம் "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்பது மருத்துவருக்கும் பயன்படும் வினா. கேட்பதில் வேறொரு பயனும் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடல், கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமை விளையாட்டுகளை எண்ணி ஏங்குவதைச் சொல்கிறது. அப்புலவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாடலில் வரும் கைத்தடியின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என அழைக்கப்படுகிறார். நாம் காண்பது கைத்தடியை மட்டுமே. அவருக்குள்ளோ நீரில் குதித்து விளையாடிய இளைஞன் இன்னும் இருக்கிறான். அந்த இளைஞனைப் பற்றிக் கேட்பவரே நல்ல பராமரிப்பாளர்.

*மறதி நோயை எதிர்கொள்ளல்:* மறதி நோயுற்ற பாட்டி ஒருவர் மாலைதோறும், "அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே" என்று கணவரைத் தேடுகிறார் எனக் கொள்வோம். கணவர் இறந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன. "தாத்தா எப்போதோ இறந்துவிட்டார்" என்று நாள்தோறும் சொன்னால், நாள்தோறும் அவர் அதைப் புதிய செய்தியாகவே கேட்பார், புதிதாகவே அழுவார். "தாத்தா எந்தச் சூளையில் வேலை பார்த்தார் பாட்டி? சொல்லுங்கள், கேட்போம்" என்பது வேறொரு வழி. பொய் சொல்லவும் வேண்டாம். புண்ணைக் கிளறவும் வேண்டாம். நினைவு மங்கினாலும் உணர்வு மங்குவதில்லை.

வீடு தேடி வரும் துணை

தமிழ்நாட்டில் இத்தகைய பயிற்சி சிற்றூர்களின் வாசல்வரை வந்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து வழங்குகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும், முடங்கியவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் இத்திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே கிடைக்கின்றன. நாம் கண்ட தாத்தாவின் வீட்டுக்கு வந்தவரும் இத்தகைய பெண்களுள் ஒருவரே என்று கொள்ளலாம்.

கடலூர் மாவட்டத்திலேயே மற்றொரு சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவையும் உடைமையையும் இழந்த முதியவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. அங்கு வாழும் முதியவர்களே அதன் அன்றாட நிருவாகத்தில் பங்கேற்கிறார்கள். ஒரு கிராமத்தின் பொறுப்பை முதியவர்களிடம் விட்டுக்கொடுப்பதும் ஒரு பொத்தானைத் தாத்தாவிடம் விட்டுக்கொடுப்பதும் ஒரே அறத்தின் இரண்டு அளவுகள்.

தெரியுமா?

* அக்டோபர் 1 உலக முதியோர் நாள். சூன் 15 முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாள்.
* தன்னுரிமை வாழ்வு, பங்கேற்பு, பேணுதல், தன்னிறைவு, கண்ணியம் ஆகிய ஐந்தையும் முதியோருக்கான கோட்பாடுகளாக ஐக்கிய நாடுகள் அவை 1991ஆம் ஆண்டு ஏற்றது.
* மூத்த குடிமக்கள் உதவி கோருவதற்கான தொலைபேசி எண் 14567.

சட்டத்தின் துணை

பராமரிப்பாளர் சட்டமும் அறிந்திருக்கவேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தம் வருவாயாலும் உடைமையாலும் வாழ இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கோரி, கோட்ட அளவில் செயல்படும் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்தபின் பெற்றவர் பேண மறுத்தால், அந்த ஆவணத்தைச் செல்லாது என அறிவிக்குமாறு கோரலாம். முதியோரைக் கைவிட்டுச் செல்வது இச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

முதியவரின் உடலில் விளக்கமில்லாத காயத்தையோ, ஒருவர் அருகில் வரும்போது அவர் அஞ்சி ஒடுங்குவதையோ காணும் பராமரிப்பாளர் அதனைப் பொறுப்புடையவர்களிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதேவேளை, அவ்வீட்டின் ஏனைய செய்திகளை வெளியே பேசாதிருத்தலும் அவர் கடமையே.

பணியும் பணியாளரும்

மேல்நிலைக் கல்விக்குப் பின் செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், உளவியல், சமூகப்பணி ஆகியவற்றின் வழியாக இத்துறைக்குள் நுழையலாம். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய சமூகப்பணிப் பள்ளி, சேவைக்கு நல்லெண்ணத்தோடு முறையான கல்வியும் வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டிய நிறுவனங்களுள் ஒன்று. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் பயிற்சிகளை நடத்துகிறது.

இப்பணியின் சுமையை மறைக்கவேண்டியதில்லை. இரவில் உறக்கம் கெடும், முதுகு வலிக்கும், சிலநேரம் சினமும் வரும். சினம் வந்ததற்காக வெட்கப்படவேண்டாம். அந்தச் சினத்தோடு முதியவரைத் தொடாதிருக்கவேண்டும். சற்று விலகி நின்று, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்து ஓய்வெடுக்கவும் பயிற்சி கற்பிக்கிறது. பேணுவோரையும் பேண ஒருவர் வேண்டும். பல வீடுகளில் இச்சுமை முழுவதும் பெண்கள் மீதே விழுகிறது. பொத்தான் போடக் கற்பதற்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லை, பேரனும் கற்கலாம்.

நிறைவாக

சூளையில் வெந்த பீங்கானை மீண்டும் பிசைந்து வேறு வடிவமாக்க முடியாது. அதன் வடிவத்தை மதித்துக் கையாளலாம். முதியவரும் ஒரு வாழ்நாளின் வெப்பத்தில் உருப்பெற்றவர். அவரை நம் விருப்பத்துக்கேற்ப வனைவது பேணுதல் ஆகாது. அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே ஏற்று, இயலாத இடத்தில் மட்டும் கைகொடுப்பதே பேணுதல். மாணவர்களே, இன்று உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவருக்கு உதவ முற்படுங்கள். "நான் செய்துவிடுகிறேன்" என்று தொடங்காதீர்கள், "நான் என்ன துணை செய்யட்டும்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். பிறகு, அந்த ஐந்தாவது பொத்தானுக்காகச் சற்றே காத்திருங்கள்.

சொற்பொருள்

அசலம் - மலை
தொடி - பூண், வளையம்
தண்டு - ஊன்றுகோல்
இசைவு - உடன்பாடு
வனைதல் - மண்ணால் உருவாக்குதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வாழும் முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்த தொழிலைப் பற்றி உரையாடி, அதனை இரண்டு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் வீட்டில் முதியோர் தடுக்கி விழ வாய்ப்புள்ள இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் சீர்செய்யும் வழியை வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. வலக்கை வலுவிழந்த ஒருவருக்குச் சட்டை அணிவிக்கும்போது முதலில் நுழைக்கவேண்டியது
அ) இடக்கை ஆ) வலக்கை இ) இரு கைகளும் ஒருசேர ஈ) தலை

2. 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்ட ஊர்
அ) விருத்தாசலம் ஆ) கிண்டி இ) சாமனப்பள்ளி ஈ) தாமரைக்குளம்

*குறுவினா*

1. விருத்தாசலம் என்னும் பெயரின் பொருளை விளக்குக.
2. படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறியை எவ்வாறு அறியலாம்?

*சிறுவினா*

1. மார்ஜரி வாரனின் பணி முதுமை குறித்த எந்த எண்ணத்தை மாற்றியது?
2. மறதி நோயுற்றவரிடம் உரையாடும் முறையைச் சான்றுடன் எழுதுக.

*நெடுவினா*

'இயலாததைச் செய்துகொடுப்பதும் இயன்றதை விட்டுக்கொடுப்பதும் சேர்ந்ததே பேணுதல்' - இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழியும் உங்கள் பட்டறிவின் வழியும் நிறுவுக.